மயிரிழை இடைவெளி

தச்சுத் தொழில் செய்வோர் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுத்து வழங்குவர். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கதவு நிலையிற் பொருந்தாது என்பது அவர்கள் கண்ட அனுபவம். அந்த ஒரு நூலை மேலும் 125 கூறாக வகுத்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கிடைக்கும். கண்ணுக்குப் புலனாகாததும் விரலுக்குத் தட்டுப்படாததுமான இச்சிறு அளவுதான், மோட்டார் எஞ்சின் ஒன்றை வீட்டில் வைத்துப் பிரித்து மீண்டும் பூட்ட முனைவோருக்கு அடிப்படை அளவாகின்றது. எஞ்சினின் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கி நிற்கும் பெயாரிங்குக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி இந்த அளவினாலேயே எண்ணப்படுகின்றது.

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. கிணற்றடிக்கு அப்பால் ஒரு மாமரம். அதன் தடித்த கொம்பிலே சங்கிலிக் கப்பி. கீழே முன்மூடி கழற்றப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்று. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வகைக் கார் 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்து முடிக்கப்பட்டன. 1956இல் வெளிவந்த 'மைனர் 1000' என்னும் மாதிரி 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினைப் பெற்றது. மாமரத்தின் கீழ் நிற்பது அந்த மாதிரி. காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தபாலதிபர் என்றும், அவருக்கு உதவியாக நிற்பவர் அவருடைய மகன் என்றும் கொள்ளலாம். அடுத்த மாதம் மகளின் கலியாணம். மணமக்களை இந்தக் காரிலேயே அழைத்துவர வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை.

காருக்கு வந்த நோய் இரண்டு குறிகளால் வெளிப்பட்டது. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மெதுவாக ஓடவிட்டால், எண்ணெய் அமுக்கம் குறைந்ததை அறிவிக்கும் சிறு விளக்கு மினுங்கும். வேகத்தைத் திடீரெனக் கூட்டினால் அடிப்பாகத்திலிருந்து 'டொக், டொக்' என்று ஓர் ஒலி எழும். ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் எதுவும் குடாநாட்டில் இல்லையாயினும், பாலமொன்றின் மேல் ஏறும்போது அந்த ஒலி வண்டியிலிருப்போர் அனைவருக்கும் கேட்கும். இவ்விரு குறிகளும் ஒன்றுசேர்ந்து தோன்றினால், பெயாரிங்குகள் தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டது என்று பெரும்பாலும் கருதலாம்.

யாழ்ப்பாணத்துப் பழைய எஞ்சின்களின் தேய்வுக்குத் தனியான ஒரு வரலாறும் உண்டு. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்த ஆண்டுகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அன்றைய வழக்கம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றதும் அவ்வாறு ஓடிய கார்களே. ஆயினும் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியாக வழிந்து, அடியிலுள்ள எண்ணெயுடன் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த எண்ணெய் சுமையைத் தாங்காது. இந்தச் சேதத்தை முதலில் அனுபவிப்பவை பெயாரிங்குகளே.

பெயாரிங் என்று பட்டறைக்காரர் சொல்வதைக் கலைச்சொல் வகுத்தோர் 'போதிகை' என்பர். தூணின் தலையில் நின்று உத்தரத்தைத் தாங்கும் கட்டைக்கு உரிய பழைய பெயர் அது. தாங்கும் தொழிலையே செய்வதனால் பொருத்தமான பெயரென்றே சொல்லலாம். மைனர் எஞ்சினின் கிராங்க் தண்டை மூன்று இடங்களில் பிரதான பெயாரிங்குகள் தாங்குகின்றன. பிஸ்டன்கள் நான்கிலிருந்தும் இறங்கிவரும் இணைப்புத் தண்டுகள் கிராங்கின் நான்கு கழுத்துகளைக் கவ்விப் பிடிக்கின்றன. அந்த இடங்களைப் 'பிக் எண்ட்' என்று சொல்வது வழக்கம். ஒவ்வொரு பெயாரிங்கும் இரண்டு அரைவட்டத் தகடுகளாக இருக்கும். இவற்றுக்கு 'ஷெல்' என்று பெயர். ஷெல்லின் முதுகு எஃகு. உட்புறத்தில் மென்மையான உலோகப் பூச்சு. தப்பித் தவறி ஒரு துகள் உள்ளே புகுந்தால் அந்த மென்மையான பூச்சு அதை விழுங்கிக்கொள்ளும். விலை கூடிய கிராங்க் தண்டு தப்பிவிடும்.

தண்டு இறுக்கமாகப் பொருந்தியிருப்பதே சிறந்ததென்று நினைப்பது இயல்பு. ஒலி எழுவதற்குக் காரணம் தளர்ச்சியாயின், தளர்ச்சியை முற்றாக நீக்கிவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பரிசோதனையில் எதிர்பாராமல் வெளிப்பட்டது. போஷம் ரவர் என்னும் பொறியியலாளர் புகையிரத அச்சுகளின் பெயாரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பெயாரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சு எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்து சுழலத் தொடங்கியதும், உள்ளே போகவேண்டிய எண்ணெய் அத்துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. துளையை அடைப்பானால் அடைத்தார். அடைப்பான் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. கடைசியில் அமுக்கமானி ஒன்றை அத்துளையிற் பூட்டிப் பார்த்தார். பெயாரிங்கின் மேலிருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல். மானியின் முள்ளோ 200 இறாத்தலைத் தாண்டிச் சென்றது.

அதன் பொருளை 1886இல் ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் என்னும் அறிஞர் கணித முறையால் விளக்கினார். சுழலும் தண்டு பெயாரிங்கின் நடுமையத்தில் நிற்பதில்லை. சற்றே ஒருபுறம் ஒதுங்கி நிற்கும். அதனால் ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் ஆப்பு வடிவமான ஓர் இடம் உண்டாகின்றது. தண்டு தன்மேல் ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு அந்த ஒடுக்கத்துக்குட் செல்லும்போது எண்ணெயில் பேரமுக்கம் பிறக்கின்றது. அந்த அமுக்கமே தண்டைத் தூக்கி நிறுத்துகின்றது. சுமை முழுவதையும் ஓர் எண்ணெய்ப் படலமே ஏந்திக்கொள்கிறது; ஒழுங்காக ஓடும் எஞ்சினில் உலோகமும் உலோகமும் தொடுவது தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் மாத்திரமே. இடைவெளி இல்லையேல் ஆப்பு இல்லை, ஆப்பு இல்லையேல் படலமும் இல்லை. இறுக்கமாகப் பூட்டிய பெயாரிங் சிறிது நேரத்திலேயே சூடேறி, பூச்சு உருகி, தண்டைப் பற்றிக்கொள்ளும்.

மிகையான இடைவெளியின் கேடு வேறு வகையானது. பெயாரிங்கின் ஓரங்களால் ஒழுகும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகின்றது. இடைவெளி இரு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்காகும். எண்ணெய்ப் பம்பு தரும் எண்ணெய்க்கு ஓர் எல்லை உண்டாதலால், தேய்ந்த ஒரு பெயாரிங் தன் பங்குக்கு மேலாக அருந்திவிட, தேயாத மற்றவை பட்டினி கிடக்கும். விளக்கு மினுங்குவதன் காரணம் இதுவே.

ஆகவே இடைவெளிக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு. தண்டின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கும் பொதுக் கணக்கு. மைனரின் 948 எஞ்சினுக்கான கைநூல், பிக் எண்ட் பெயாரிங்கின் இடைவெளி 0.001 அங்குலம் முதல் 0.0025 அங்குலம் வரை இருக்கலாம் என்று கூறும். மில்லிமீற்றர்க் கணக்கில் 0.025 முதல் 0.063 வரை. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். கீழெல்லையும் மேலெல்லையும் இரண்டுமே ஒரு மயிரின் தடிப்புக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த எல்லைக்குள் ஓர் எஞ்சின் நிற்கின்றதா என்பதை மாமரத்தடியில் இருந்துகொண்டு அறிய முடியுமா என்பதே தபாலதிபரின் பிரச்சினை.

முடியும். அதற்கு வேண்டிய முதற் கருவி மைக்ரோமீற்றர். பாடசாலையில் பௌதிகம் கற்றோர் 'நுண்மானித் திருகுக் கணிச்சி' என்ற பெயரால் அதை அறிவர். திருகாணியைக் கொண்டு நுண்ணிய தூரத்தை அளக்கும் எண்ணம் 17ஆம் நூற்றாண்டில் வில்லியம் காஸ்கொயின் என்னும் ஆங்கிலேயருக்கு வானத்தை நோக்கியபோது உதித்தது. அவர் அதைத் தொலைநோக்கியிற் பொருத்தினார். கையிற் பிடித்து உலோகத் தண்டை அளக்கும் வடிவத்துக்கு 1848இல் பிரான்சில் ழான் லோறன் பாமர் காப்புரிமை பெற்றார். அங்குல அளவுக் கருவியின் திருகாணியில் ஓர் அங்குலத்துக்கு 40 புரிகள் உண்டு. ஒரு முழுச் சுற்று 0.025 அங்குலம். உறையின் விளிம்பு 25 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருப்பதால் ஒரு பிரிவு 0.001 அங்குலமாகின்றது. தண்டின்மேல் வேணியர் அளவும் பொறித்த கருவியாயின் அதிலும் பத்தில் ஒரு பங்கைக் காணலாம். எண்களை நேராகவே காட்டும் கருவிகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. அவை வாசிக்கும் சிரமத்தைக் குறைக்குமேயன்றி, பிடிக்கும் கையின் பிழையைத் திருத்தமாட்டா.

கையின் பிழை எங்கே நேரும்? முதலாவது, பூச்சியத்தில். ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை அளக்கும் கருவியுடன் சரியாக ஓர் அங்குல நீளமுள்ள கோல் ஒன்று வரும். அந்தக் கோலை அளந்து 1.0000 என்று வருகின்றதா என்று பார்த்த பின்னரே வேலை தொடங்கவேண்டும். இரண்டாவது, இறுக்கத்தில். மேசைக் கவ்வியை முறுக்குவது போல முறுக்கினால் எஃகுச் சட்டமே வளைந்துகொடுக்கும். கருவியின் நுனியிலுள்ள சிறு திருகைப் பிடித்து மெல்லத் திருப்பி, அது 'டிக், டிக்' என்று வழுகும்போது நிறுத்த வேண்டும். மூன்றாவது, வெப்பத்தில். யாழ்ப்பாணத்தில் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. கிராங்க் தண்டை மண்ணெண்ணெயாற் கழுவி முற்றத்து வெயிலிற் காயவைப்பது பலருடைய வழக்கம். வெயிலிற் கிடந்த தண்டு நிழலிலுள்ள கருவியைவிட 20 பாகை கூடச் சூடாயிருந்தால், அதன் கழுத்து ஏறத்தாழ 0.01 மில்லிமீற்றர் பருத்துக் காணப்படும். தேய்வில் ஒரு பகுதியை வெயில் மறைத்துவிடும். தண்டும் கருவியும் ஒரே விறாந்தையில் ஓர் இரவு கிடந்தபின், காலைக் குளிர்ச்சியில் அளப்பதே நன்று.

தபாலதிபர் அவ்வாறே செய்தார் என்று கொள்ளலாம். மரப்பெட்டியின் மேல் பழைய வேட்டித் துண்டை விரித்து, அதன்மேல் கிராங்க் தண்டை வைத்தார். ஒவ்வொரு கழுத்தையும் நான்கு முறை அளக்கவேண்டும்: ஓர் அந்தத்தில் ஒரு திசையிலும் அதற்குச் செங்குத்தான திசையிலும், மற்ற அந்தத்திலும் அவ்வாறே. இரு அந்தங்களுக்கிடையில் வேறுபாடு தோன்றினால் கழுத்து கூம்பிவிட்டது. இரு திசைகளுக்கிடையில் வேறுபாடு தோன்றினால் வட்டம் கெட்டு முட்டை வடிவாகிவிட்டது. சிலிண்டர் எரியும்போது விழும் அடி கழுத்தைச் சுற்றிலும் சமமாக விழுவதில்லை. எனவே தேய்வும் சமமாக இராது.

புதிய கழுத்தின் விட்டம் 1.6254 முதல் 1.6259 அங்குலம் வரை என்பது கைநூலிலுள்ள கணக்கு. முதலாம், இரண்டாம், நான்காம் கழுத்துகள் 1.6252 அளவில் நின்றன. மூன்றாவது ஒரு திசையில் 1.6251 காட்டியது, கருவியைக் கால் வட்டம் திருப்பிப் பிடித்தபோது 1.6238 காட்டியது. தபாலதிபர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார். மூன்றாம் முறையும் அதே எண்.

மகன் அந்தக் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். "வழுவழுப்பாத்தானே இருக்கு, அப்பா. புது ஷெல்லைப் போட்டுப் பூட்டினாக் காணும்" என்றான்.

"விரலுக்கு ஆயிரத்தில ஒண்டு தெரியுமோ, தம்பி?" என்று தந்தை கேட்டார்.

மகனின் எண்ணம் பொறுப்பற்றதன்று. கிராங்க் தண்டை அரைக்க அனுப்பினால் பணம் வேண்டும், நாளும் வேண்டும். கலியாணமோ அடுத்த மாதம். அக்கம்பக்கத்திலும் ஆலோசனைக்குக் குறைவில்லை. ஷெல்லின் முதுகில் மெல்லிய தகரத்தையோ சிகரெட் கடதாசியையோ வைத்தால் இடைவெளி அடைந்துவிடும் என்பார் ஒருவர். மூடியின் விளிம்பை அரத்தால் இரண்டு இழுவை இழுத்தால் போதும் என்பார் இன்னொருவர். பொருள் கிடையாத காலங்களில் அவ்வாறு செய்து வண்டியோட்டியவர்கள் உண்டு. அவர்களுடைய கைத்திறனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் ஷெல் தன் இருப்பிடத்தில் எவ்வாறு நிற்கின்றது என்பதை அறிந்தோர் இவற்றைச் செய்யத் துணியார். ஷெல்லின் இரு முனைகளும் மூடி சேரும் கோட்டுக்கு மேலே அணுவளவு உயர்ந்திருக்கும்படி செய்யப்பட்டவை. ஆணிகளை இறுக்கும்போது அந்த உயரம் நசுங்கி, ஷெல்லின் முதுகு முழுவதும் இருப்பிடத்தை அழுத்திப் பிடிக்கின்றது. சுழலாமல் நிற்பதும், சூட்டை வெளியே கடத்துவதும் அந்தப் பிடியினாலேயே. கடதாசி வைத்த ஷெல்லின் சூடு வெளியே போவதற்கு வழியில்லை. அரத்தால் இழுத்த மூடியோ அதன்பின் ஒருபோதும் வட்டமாகாது.

புதிய ஷெல்லை மாத்திரம் போட்டால் என்ன நேரும் என்பதையும் தபாலதிபர் கணக்கிட்டுப் பார்த்தார். புதிய ஷெல்கள் பூட்டிய துவாரத்தின் உள்விட்டம் 1.6271 என்று கொண்டால், பருத்த திசையில் இடைவெளி 0.0020, அது எல்லைக்குள் நிற்கின்றது. மெலிந்த திசையில் 0.0033, அது எல்லையைத் தாண்டிவிட்டது. தண்டு சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய்ப் படலம் இருமுறை தடித்தும் இருமுறை மெலிந்தும் வரும். முட்டை வடிவத்தின் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அரைத்தே தீரவேண்டும் என்பது பட்டறைகளின் பொது வழக்கு. இங்கே வேறுபாடு 0.0013. தண்டு சாக்கிற் சுற்றப்பட்டு அரைக்கும் பட்டறைக்குப் போயிற்று. மணமக்களுக்கு வாடகைக் கார் ஒன்று பேசப்பட்டது. வீட்டில் இரண்டு நாள் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அரைத்த தண்டு திரும்பி வந்தபோது வேலையின் இரண்டாம் பகுதி தொடங்கியது. அரைக்கும் பட்டறை எத்துணை நம்பிக்கைக்குரியதாயினும், வந்த தண்டை அளவாமல் பூட்டுவது தவறு. ஒரு கழுத்து தேய்ந்திருந்தாலும் நான்கையும் ஒரே அளவாக அரைப்பதே முறை. 0.010 அங்குலம் குறைத்து அரைத்தால் விட்டம் 1.6154 முதல் 1.6159 வரை வரவேண்டும். நான்கும் 1.6155க்கும் 1.6157க்கும் இடையில் நின்றன. எந்தத் திசையிலும் வேறுபாடு இல்லை. ஷெல்லின் பெட்டியில் எழுதியிருப்பதை மாத்திரம் நம்பாமல், ஒவ்வொரு ஷெல்லின் முதுகிலும் அதே '010' பொறிக்கப்பட்டிருக்கின்றதா என்றும் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி மாறி வருவது கடைகளில் நடவாத காரியமன்று.

அடுத்தது துவாரத்தை அளப்பது. ஷெல்களை இணைப்புத் தண்டிலும் அதன் மூடியிலும் வைத்து, கைநூல் சொல்லும் 35 அடி-இறாத்தல் முறுக்குக்கு ஆணிகளை இறுக்கிய பின்னரே உள்விட்டத்தை அளக்கலாம். இறுக்காத துவாரத்தின் அளவு பயனற்றது. வில்லால் விரியும் இரு கைகளையுடைய சிறு கோலை உள்ளே விட்டு, அது விரிந்து சுவரைத் தொட்டதும் பூட்டி வெளியே எடுத்து, அதன் நீளத்தை மைக்ரோமீற்றரால் அளக்கவேண்டும். இணைப்புத் தண்டின் நீளத் திசையில் அளப்பதே முறை. மூடி சேரும் கோட்டருகே ஷெல் வேண்டுமென்றே சற்று மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். அங்கே அளப்பவர் இடைவெளி கூடியிருப்பதாக ஏமாந்துபோவார். மூடிகள் எந்தத் தண்டில் எந்தப் பக்கமாக இருந்தனவோ அங்கேயே அவ்வாறே திரும்பப் போகவேண்டும். இதற்காகக் கழற்றும்போதே எண் இட்டிருக்கவேண்டும். தபாலதிபருக்கு முத்திரை குத்திய பழக்கம் இங்கே கைகொடுத்தது.

உள்விட்டம் 1.6173, கழுத்து 1.6156, இடைவெளி 0.0017. கணக்கு நன்றாகவே வந்தது. ஆயினும் கோலை வைத்து அளப்பதில் பழக்கமில்லாத கைக்கு ஆயிரத்தில் அரைப் பங்கு பிழைப்பது எளிது. ஆகவே கணக்கை வேறொரு வழியாற் சோதிப்பது நல்லது. அதற்கு உதவுவது பிளாஸ்ரிகேஜ் என்னும் மெழுகு போன்ற மெல்லிய இழை. 0.001 முதல் 0.003 அங்குலம் வரை அளக்கும் இழை பச்சை நிறமானது. கழுத்திலும் ஷெல்லிலும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, எண்ணெய்த் துளையை விலக்கி, கழுத்தின் நீளவாக்கில் ஒரு துண்டு இழையைக் கிடத்தி, மூடியை வைத்து 35 அடி-இறாத்தலுக்கு இறுக்கி, பின் கழற்றவேண்டும். இதற்கிடையில் தண்டு அணுவளவும் சுழலக்கூடாது. நசுங்கிய இழையின் அகலத்தை அதன் உறையிற் பொறித்த அளவுகோலுடன் ஒப்பிட வேண்டும். இழை அகன்றிருந்தால் இடைவெளி குறைவு. ஒடுங்கியிருந்தால் இடைவெளி கூடுதல். கருவி வாங்க வசதியற்றவருக்கும் கைகூடும் வழி இது. ஆயினும் இழை தான் கிடந்த இடத்தின் அளவை மாத்திரமே சொல்லும். மூன்றாம் கழுத்தின் பருத்த திசையில் முன்பே இழையை வைத்திருந்தால், அது எல்லாம் சரியென்று சொல்லியிருக்கும்.

கிராங்க் தண்டைத் தாங்கும் மூன்று பிரதான பெயாரிங்குகளையும் இவ்வாறே பார்க்கவேண்டும். எஞ்சினைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் தண்டின் பாரம் அடியிலுள்ள ஷெல்லில் அமர்ந்து, இடைவெளி முழுவதும் மூடியின் பக்கத்துக்கு வரும். நேராக நிற்கும் எஞ்சினின் அடியிற் படுத்துக்கொண்டு இழை வைப்பவருக்குத் தண்டின் பாரம் மூடியின் மேல் விழுவதனால் பிழையான அளவே கிடைக்கும். பிரதான மூடிகளுக்கு இறுக்கம் 60 அடி-இறாத்தல்.

பிக் எண்டுகளில் மூன்று சரியாக இருந்தன, இழை 0.0015க்கும் 0.002க்கும் இடையில் நின்றது. நாலாவதில் இழை ஓர் அந்தத்தில் ஒடுங்கியும் மற்ற அந்தத்தில் 0.001 என்னும் குறியளவுக்கு அகன்றும் காணப்பட்டது. அரைத்த கழுத்து கூம்பியிருக்குமோ என்று மகன் பட்டறையைக் குறைசொல்லத் தொடங்கினான். தபாலதிபர் மைக்ரோமீற்றரை எடுத்தார். கழுத்து இரு அந்தத்திலும் ஒரே அளவு. ஷெல்லைக் கழற்றி அதன் முதுகை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார்கள். ஓர் ஓரத்தில் குண்டூசித் தலையளவு பளபளப்பான ஒரு புள்ளி. அதற்கு எதிரே இருப்பிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு மணல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் விறாந்தை முழுவதும் புழுதி படிவதை யாழ்ப்பாணத்தார் நன்கு அறிவர். அந்த மணலை அப்படியே விட்டுப் பூட்டியிருந்தால், அதன்மேல் புடைத்து நின்ற ஷெல்லின் பகுதி சில நூறு மைல்களுக்குள் வெந்திருக்கும்.

துடைத்து, ஊதி, மறுபடியும் துடைத்துப் பூட்டினார்கள். புதிய இழை ஓர் அந்தம் தொடக்கம் மற்ற அந்தம் வரை ஒரே அகலமாக நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து விறாந்தைத் தூண்களுக்கிடையில் பழைய சேலையொன்று திரையாகத் தொங்கியது. அம்மாவின் ஆட்சேபம் பலிக்கவில்லை.

தண்டு முன்னும் பின்னும் நகரும் இடைவெளி ஒன்றும் உண்டு. நடுப் பிரதான பெயாரிங்கின் இருபுறமும் உள்ள அரைவட்ட வளையங்கள் அதைக் கட்டுப்படுத்துகின்றன. கைநூல் 0.002 முதல் 0.003 அங்குலம் வரை அனுமதிக்கின்றது. மெல்லிய தகட்டு அளவிகளை இடையிற் செருகி இதைப் பார்க்கலாம். கிளச்சின் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் சாரதிகள் இந்த வளையங்களை விரைவில் தின்றுவிடுகின்றனர்.

முடிவாகப் பூட்டும்போது இழையின் எச்சம் முழுவதும் துடைக்கப்படவேண்டும். இம்முறை ஒவ்வொரு கழுத்திலும் புதிய எண்ணெய் தாராளமாகப் பூசப்படவேண்டும். உலர்ந்த பெயாரிங்கில் முதற் சுற்றுச் சுழலும் எஞ்சின், அளந்த அத்தனை அளவையும் அந்த ஒரு நிமிடத்திலேயே இழக்கக்கூடும். ஒவ்வொரு மூடியையும் இறுக்கியவுடன் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்த்தார்கள். எங்கேயாவது பிடித்தால் கடைசியாக இறுக்கிய மூடியே குற்றவாளி என்று உடனே தெரிந்துவிடும். எங்கும் பிடிக்கவில்லை.

கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள் எஞ்சின் மாமரத்துக் கொம்பிலிருந்து காருக்குள் இறங்கியது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் மேலேறும் வரையில் கைப்பிடியால் மகன் சுழற்றினான். பின்னர் செருகிகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விளக்கு ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பின் தபாலதிபர் வேகத்தைக் குறைத்து, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மினுங்கவில்லை. 500 மைல் ஓடியபின் எண்ணெயை வெள்ளைத் துணி விரித்த தட்டில் வடித்து, உலோகத் துகள் மின்னுகின்றதா என்று பார்க்கவேண்டும் என்று எழுதி, கழுத்துகளின் அளவுகள் குறித்த அதே கொப்பியில் திகதியையும் இட்டு, காரின் முன்தட்டில் வைத்துவிட்டார்.